வேட்பாளர் தம் பக்தியை வெளிக்காட்டுவது தேர்தல் விதிமீறலா?

வேட்பாளர் கோயிலுக்குச் சென்றுவிட்டுப் பிரசாரத்தைத் தொடங்குவது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வேட்புமனுவைச் சுவாமியின் பாதத்தில் வைத்து அர்ச்சனை செய்து, நெற்றியில் திருநீறு துலங்க வாக்குக் கேட்க வருவது அவருடைய சொந்த நம்பிக்கை. ஆனால், அந்தத் திருநீற்றைக் காட்டி, ‘நான் உங்கள் மதத்தவன், ஆகவே எனக்கு வாக்களியுங்கள்’ என்று கேட்டால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி அது முறைகேடு. தேர்தல் வழக்கில் நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகும்.

வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. எனக்கு அதுவே சரியெனப் படுகிறது; வேட்பாளர் தம் மதத்தைப் பற்றி வாய் திறக்காமலேயே, கூட்டத்தினரின் மதத்தைத் தூண்டி வாக்குச் சேர்த்துவிட முடியும் அல்லவா? வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்குவதைத் தேர்தல் நடத்தை விதிகளும் தடுக்கின்றன.