நல்ல நாடகம் ஒன்று படமாகி உங்களை ஏமாற்றியது உண்டா?

உண்டு. ஷேக்ஸ்பியரின் நாடகத்தை வைத்து 2015இல் வந்த ‘மேக்பெத்’. ஜஸ்டின் கர்ஸல் இயக்கம். மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் மரியன் கோட்டியாரும் நடித்தது. இருவரையுமே எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் ஏமாற்றமும் பெரிதாக இருந்தது.

கல்லூரியில் இந்த நாடகத்தை எங்களுக்கு நடத்திய பேராசிரியர், இரண்டாம் அங்கத்தில் கொலை முடிந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி தட்டினார். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தளபதி மேக்பெத் தன் மன்னன் டங்கனைக் கொல்வதை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவே இல்லை. ரத்தக் கையோடு மேக்பெத் வந்து நிற்பான், கோட்டைக் கதவை யாரோ தட்டுவார்கள். ‘தட்டித் தட்டி டங்கனை எழுப்பு, உன்னால் முடிந்தால் நல்லது’ என்று அரற்றுவான். அடிவயிறு கலங்குவது அங்கேதான். பிறகு குடிபோதையில் உளறிக்கொண்டே வாயிற்காவலன் கதவைத் திறக்க வருவான். சிரிப்பும் வரும், நடுக்கமும் போகாது.

படத்தில் அந்தக் காவலனே கிடையாது. கத்தி இறங்குவதை அப்படியே காட்டிவிடுகிறார்கள். கோரமாக இருக்கிறது, பயம் வரவில்லை.

அதைவிட வருத்தம், மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சி. நாடகத்தில் கையில் விளக்கோடு வருவாள். மருத்துவரும் பணிப்பெண்ணும் ஒதுங்கி நின்று பார்ப்பது அவளுக்குத் தெரியாது. இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டே எல்லா ரகசியத்தையும் கொட்டிவிடுவாள். படத்திலோ தேவாலயத்தில் உட்கார்ந்து, இறந்த குழந்தையிடம் பேசுகிறாள். கோட்டியாரின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் ஒட்டுக்கேட்கும் காதுகள் இல்லாமல் போனதும் காட்சியின் பதைப்பே போய்விட்டது. படம் தொடங்குவதே அந்தக் குழந்தையின் ஈமச் சடங்கில்தான். நாடகத்தில் ‘நான் பால் கொடுத்தவள்’ என்று அவள் சொல்வதோடு சரி. குழந்தை என்ன ஆனது என்பது நம் மனதை அரித்துக்கொண்டே இருக்கும். படம் அதற்கும் விடை சொல்லிவிடுகிறது.

கடைசிப் போரில் திரையை நிறைக்கும் செம்புகை மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1957இல் இதே கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோய் ‘த்ரோன் ஆஃப் பிளட்’ எடுத்தார். ஷேக்ஸ்பியரின் வசனங்கள் அதில் இல்லை. ஆனால் கொலை நடக்கும்போது கேமரா மனைவியோடு அறையிலேயே தங்கிவிடும். அவன் வரும்வரை நாமும் அவளோடு காத்திருப்போம். ரத்தம் தோய்ந்த ஈட்டியோடு வந்து உட்காருவான். விறைத்துப்போன அவன் விரல்களிலிருந்து அவள்தான் அதைப் பிடுங்கி எடுப்பாள்.