அறுபது வயதுக்கு மேல் ஆனவர்களே, தினமும் எதற்காக நன்றி சொல்கிறீர்கள்?

எனக்கு 69 வயது. காலையில் எழுந்ததும் சிரமமில்லாமல் சிறுநீர் போகிறது. அதற்குத்தான் நன்றி சொல்கிறேன். இதெல்லாம் ஒரு பதிலா என்று இளவயதுக்காரர்களுக்குத் தோன்றலாம். ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டுகூடப் போகாமல் தவித்தவனிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வான்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து 2014-இல் ஓய்வு பெற்றவன். கும்பகோணம் - சென்னை தடத்தில் பல வருஷம் ஓடியிருக்கிறேன். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி எல்லாம் தாண்டி விக்கிரவாண்டிப் பக்கம் வண்டி நிற்கும் வரை அடக்கிக்கொண்டே இருப்பேன். டிக்கெட் கொடுக்கிற மும்முரத்தில் அது ஒரு கஷ்டமாகவே தெரியாது. சொன்னபடி கேட்கிற உடம்பு என்பதால் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ராத்திரியில் இரண்டு, மூன்று முறை எழ வேண்டியிருந்தது. போய் நின்றாலும் வரக் கொஞ்ச நேரம் ஆகும். வயசானால் இப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மார்கழிப் பனியில் சளி பிடித்தது. மருந்துக்கடையில் நானே கேட்டு மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கி இரண்டு வேளை போட்டுக்கொண்டேன். அன்று ராத்திரி பதினொரு மணியோடு சுத்தமாக நின்றுவிட்டது. முட்டுகிறது, போனால் வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு, முழங்கால் வலியோடு என் மனைவிதான் தெருமுனை வரை நடந்து போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. நானூறு, ஐநூறு மில்லி சேர்ந்தாலே சிறுநீர்ப்பை நிறைந்த மாதிரிதானாம். வலி இறங்கிய அந்த நிமிஷம் நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கிறது. வயதாக ஆக அது பெருத்து, நடுவில் போகும் குழாயை நெருக்கும். ஐம்பது தாண்டிய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது உண்டு. மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் மருந்து, மூக்கில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குவது போலவே சிறுநீர்ப்பை வாயின் தசையையும் இறுக்கிவிடும். ஏற்கெனவே நெருங்கிக் கிடந்த வழி அதனால்தான் அடைத்துக்கொண்டது. என் வயது ஆண்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தாரை மெலிந்து போனாலோ ராத்திரியில் அடிக்கடி எழுந்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சளி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அன்று மத்தியானமே வந்துவிட்டான். ஒரு வாரம் டியூபோடு வீட்டில் இருந்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை டியூபில் மாட்டியிருந்த பையைத் திறந்து, அளவு ஜாடியில் பிடித்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுவான். காலை 6 மணி, 400. 10 மணி, 350. பிறகு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். அவன் ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. அவன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் நான் பெரும்பாலும் வண்டியில் இருந்தேன். அவனுக்கு ஒரு நாளாவது ஈரத்துணி மாற்றிய ஞாபகம் எனக்கு இல்லை. அதை நினைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே விடுகிறது என்று அவன்தான் ஒரு நாள் படித்துச் சொன்னான். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்த வேலை!

எட்டாம் நாள் டியூபை எடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி நேரம் நடந்தேன். மனைவி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழிப்பறைக்குப் போய்விட்டு வெளியே வந்ததும் "என்னங்க?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாங்க, ஒரு காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள்.

ஆபரேஷன் வரை போகவில்லை. தசையைத் தளர்த்தும் மாத்திரையிலேயே ஓடுகிறது. அந்த மாத்திரைக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், கண் விழித்ததும் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் அவள் மூச்சு சீராகக் கேட்கும். நான் நன்றி சொல்கிற நேரம் அதுதான். சாமிக்குத்தான் சொல்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

அவளிடம் நேராகச் சொன்னதில்லை. நன்றி என்பது எங்கள் வீட்டில் வெளியாட்களுக்குச் சொல்கிற வார்த்தை. பெண்டாட்டியிடம் சொன்னால் அவளைத் தள்ளி நிறுத்துவது போல இருக்கும். முதல் டிரிப் டூட்டிக்காக என்னோடு மூன்று மணிக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்தவள் அவள். இப்போது காலைக் காபி நான் போடுகிறேன். ராத்திரி அவள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுகிறேன்.

மகன் எழுதிய காலண்டர் தாள்கள் பென்ஷன் காகிதங்களோடு பீரோவில் இருக்கின்றன. அவன் தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்வான். முன்பெல்லாம் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று ஆரம்பிப்பான். இப்போது முதல் கேள்வி, "ஃப்ரீயா போகுதாப்பா?"

"போகுதுப்பா" என்பேன். அப்புறம்தான் மற்ற பேச்செல்லாம்.