அப்பாவின் காலுக்கு மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 66 வயது. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார், ரொம்ப வருஷமாகச் சுகர். தோட்டத்தில் முள் குத்திய புண் ஆறாமல் இரண்டு விரல் கறுத்துவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். அப்பா ஒரே பிடியாக, “காலை எடுத்துட்டு நான் வீட்டுக்கு வர மாட்டேன், இப்படியே விட்ருங்க” என்கிறார். “மகன் கையெழுத்துப் போட்டா போதும்” என்று அங்கே சொல்கிறார்கள். என் தம்பியோ, “புண்ணைச் சுத்தம் பண்ணப் போறாங்கன்னு சொல்லிக் கைநாட்டு வாங்கிரலாம். இல்லேன்னா நினைவு தப்பட்டும், அப்புறம் நாம போட்டுக்கலாம்” என்கிறான். நான் கையெழுத்துப் போட்டால் தப்பா? போடாமல் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்: போடாதீர்கள். உங்கள் அப்பா வயது வந்தவர், நினைவோடு இருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார். இந்த மூன்றும் இருக்கும்வரை அவர் உடம்பின் மேல் கத்தி வைக்க அவர் ஒருவர்தான் அனுமதி தர முடியும். மகன், மனைவி, ஊர்ப் பெரியவர் யார் கையெழுத்தும் அதற்கு ஈடாகாது.

இதை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியிலேயே தீர்த்துவிட்டது. சமீரா கோலி வழக்கு என்பார்கள். டெல்லியில் திருமணமாகாத 44 வயதுப் பெண். வயிற்றுக்குள் என்ன பிரச்சினை என்று பார்ப்பதற்கான லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு ஒப்புக்கொண்டு மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் போகிற அவசரம் இல்லை, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மருத்துவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அப்படியும் அவருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நல்லது செய்யத்தானே நினைத்தோம் என்பது சம்மதத்துக்குப் பதிலாக நிற்காது.

தம்பியின் முதல் யோசனைக்கு வருகிறேன். பொய் சொல்லி வாங்கும் கைநாட்டு சம்மதமே அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28-ஆம் பிரிவு, பயத்தாலோ உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டதாலோ தந்த சம்மதம், செய்பவருக்கு அது தெரிந்திருந்தால், சம்மதம் ஆகாது என்கிறது. அறுவை செய்யும் மருத்துவரைக் காப்பாற்றும் 26-ஆம் பிரிவு, நோயாளியின் சம்மதத்தை வைத்துத்தான் காப்பாற்றுகிறது. சம்மதம் பொய்யானால் அந்தக் காப்பும் போய்விடும். தம்பி தன் தலையோடு மருத்துவர் தலையையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். நினைவில்லாதவருக்கு அவசரத்தில் சம்மதம் இல்லாமலே சிகிச்சை செய்ய அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் அது, சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்காக, அவர் சார்பில் சொல்ல ஆளை நேரத்துக்குக் கண்டுபிடிக்க முடியாத நிலைமைக்காக எழுதியது. சாலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல நினைவோடு நாலு பேர் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொன்னவர் மயங்கட்டும் என்று காத்திருப்பதற்கு அதில் இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சட்டத்தை விடுங்கள். புண்ணில் விஷம் ஏறி நினைவு தப்பும் நிலைக்கு வந்த பிறகு செய்யும் ஆபரேஷன், இன்றைக்குச் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்து. அப்பாவைக் காப்பாற்ற நினைக்கும் தம்பி அந்த நேரத்தையா எதிர்பார்ப்பது?

மருத்துவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கால் போனாலும் ஆள் பிழைப்பார், விளைவைப் பார் என்கிறது ஒரு வாதம். ஒருவருக்கு எது நல்லது என்பதை அவரைக் கேட்காமல் முடிவு செய்வது அவரை மனிதராகவே மதிக்காதது என்கிறது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், விளைவை வைத்தே நல்லது கெட்டதை அளந்த ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, தன் உடம்புக்கும் மனசுக்கும் அவனவனே அதிபதி என்றுதான் 1859-இல் எழுதினார். மேலே சொன்ன தீர்ப்பும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டு, ‘அப்பா வேண்டாம்னுட்டார், நம்ம பொறுப்பு முடிஞ்சுது’ என்று எழுந்து போய்விடாதீர்கள். அப்பா சொன்ன ‘வேண்டாம்’ முழு விஷயமும் தெரிந்து சொன்னதா? எனக்குச் சந்தேகம். நம்ம ஊர் மருத்துவமனைகளில் நடப்பது தெரிந்ததுதானே. மருத்துவர் மகனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விளக்குவார். கட்டிலில் இருப்பவரிடம் “பயப்படாதீங்க பெரியவரே” என்பதோடு சரி. அதே 2008 தீர்ப்பு, நோயாளியிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்றும் விவரித்திருக்கிறது: என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, மறுத்தால் என்ன ஆகும். எவ்வளவு விரிவாகச் சொல்வது என்பதில் மட்டும் நீதிமன்றம், நம் நாட்டு நிலைமையைக் காரணம் காட்டி, மருத்துவர்களின் வழக்கத்துக்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவில் போல, ஒரு நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதை அளவுகோலாக வைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆகவே நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நாளை காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் வரும்போது, கட்டில் பக்கத்திலேயே, அப்பாவிடமே நேராகப் பேசச் சொல்லுங்கள். நீங்களும் தம்பியும் வாயைத் திறக்க வேண்டாம். காலுக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்களா, விரல்களோடு நிறுத்த முடியாதா, அடைப்பை நீக்கி ரத்தம் போக வழி உண்டா என்று அப்பா கேட்கட்டும். இரண்டாவது கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. அரசு இராசாசி மருத்துவமனையிலோ வேறு ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடமோ ரிப்போர்ட்டுகளைக் காட்டலாம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, நாளையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்பா ஏன் மறுக்கிறார் என்றும் கேளுங்கள். பணம்தான் காரணமென்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். நடக்க முடியாமல் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயமென்றால், முழங்கால் தப்பினால் செயற்கைக் காலோடு நடப்பது எளிது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அதை இலவசமாகவே தருகிறது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு மருமகள்கள் யாராவது ஏதாவது சொல்லி அவர் காதில் விழுந்ததா என்றுகூடப் பாருங்கள். இப்படிப்பட்ட பிடிவாதத்துக்குப் பின்னால் பல வீடுகளில் அதுதான் இருக்கிறது.

சுகர் ஏறி இறங்கும்போதும் கிருமி ரத்தத்தில் கலக்கும்போதும் புத்தி தடுமாறும். ஆகவே அவர் தெளிவாக இருக்கிறாரா என்று ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அது மனநோய்க்கான சட்டம்தான், ஆனால் இங்கேயும் நல்ல வழிகாட்டி.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ‘வேண்டாம்’ என்றால், அதுவே முடிவு. உங்கள் மேல் கேஸ் வராது. தெளிந்த மனதோடு இருக்கும் ஒருவர், இறந்துபோவோம் என்று தெரிந்தே சிகிச்சையை மறுக்கலாம், அது தற்கொலை அல்ல என்பது 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனால் ஆபரேஷனை மறுத்ததும் எல்லாச் சிகிச்சையையும் மறுத்ததும் ஒன்றல்ல. ஆன்டிபயாட்டிக், கட்டு, வலிக்கு மருந்து, இன்சுலின் எல்லாம் தொடர வேண்டும். அழைத்துப் போய் வீட்டில் கவனிக்காமல் போட்டால், 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். மறுப்பைத் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று, இரண்டு சாட்சிகளோடு கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த நிமிஷமும் அவர் மனம் மாறலாம். அதற்கு வாயால் சொன்னாலே போதும்.

இதைப் படிப்பதற்குள் கையெழுத்துப் போட்டு ஆபரேஷனும் முடிந்திருந்தால், அப்பா விரும்பினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சம்மதப் படிவத்தில் உங்கள் பெயரும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஒப்புக்கொண்டால் அவரே போடட்டும். உங்களையும் போடச் சொன்னால் சாட்சி என்ற இடத்தில் மட்டும் போடுங்கள். அப்படி இடம் இல்லாவிட்டால் பேருக்குப் பக்கத்தில் ‘சாட்சி மட்டும்’ என்று தமிழில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, படிவத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.