பால்வாடி டீச்சர் வேலைக்கு எதற்குப் படிப்பு? சேலத்துப் பெற்றோருக்கு ஒரு பதில்

ப்ளஸ் டூ முடித்த மகள், "சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற படிப்புதான் படிப்பேன்" என்கிறாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாட்டுப் பாடி, சோறு ஊட்டி, தூங்க வைக்கிற வேலைக்கு இரண்டு வருஷமும் மூன்று வருஷமும் எதற்கு என்று நீங்கள் தவிக்கிறீர்கள். அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் இந்தத் தவிப்பு பல வீடுகளில் உண்டு. கவலை நியாயம்தான். ஆனால் அவள் ஆசையைவிட, வாங்கப்போகிற சான்றிதழைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இந்தத் துறையில் காசும் காலமும் கரைவது அங்கேதான்.

முதலில் அவள் எந்த வயதுக் குழந்தையோடு, யாரிடம் சம்பளம் வாங்கி வேலை செய்யப்போகிறாள் என்று முடிவு செய்யுங்கள். படிப்பு அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு, இரண்டு ஆண்டு. ப்ளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45. நம் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டும் முன் அங்கே விசாரித்துவிடுங்கள். "டிகிரி முடித்து பி.எட். போட்டால் எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று இன்னமும் சொல்கிறார்கள். அது செல்லாது. பி.எட். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. டி.எல்.எட். முடித்தபின் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள், அதற்குப் பிறகு நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு. டெட் தேறிய மறுநாளே வேலை என்று கணக்குப் போட்டு, அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அங்கன்வாடி தனி வழி. 2025இல் வந்த அறிவிப்பில் பணியாளருக்குப் ப்ளஸ் டூ தேர்ச்சியும் 25 வயது நிறைவும் கேட்டார்கள். முதல் ஓராண்டு தொகுப்பூதியம் 7,700 ரூபாய், பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். வசிக்கும் ஊருக்கே முன்னுரிமை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது எட்டு வருஷம் கழித்துத்தான் திறக்கிற கதவு. அதுவரை சும்மா காத்திருக்கச் சொல்ல முடியாது. அந்த இடைவெளியில் ஹோம் சயன்ஸ் அல்லது ஊட்டச்சத்து பட்டம் படித்தால், அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் பதவிகளுக்கும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வுக்கும் போட்டியிடலாம். அரசு வேலைதான் வேண்டும் என்கிற வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தப் பட்டத்தைத்தான். கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் இதற்குப் பழைய, நல்ல இடம்.

வீட்டிலிருந்தே, செலவு குறைவாக என்றால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோ இருக்கிறது. ப்ளஸ் டூ போதும்.

குழந்தை சாதனங்களைக் கையாண்டு தானே கற்கும் மாண்டிசோரி முறையின் பெயரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமான வணிகக் குறி கிடையாது. மூன்று மாதம் வகுப்பு நடத்திவிட்டு "மாண்டிசோரி டிப்ளமோ" என்று அச்சடித்துக் கொடுக்க யாராலும் முடியும். 1929இல் மரியா மாண்டிசோரியே தொடங்கிய பன்னாட்டுச் சங்கமான ஏ.எம்.ஐ. தரும் டிப்ளமோவுக்கு உலகம் முழுக்க மதிப்புண்டு. தெருமுனைச் சான்றிதழுக்கு அந்தத் தெருவில்தான் மதிப்பு. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியவர். நம் மண்ணில் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட ஒரு முறை இப்படி மலிந்துகிடப்பது உண்மையிலேயே வருத்தம்தான். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழில் கையெழுத்திடுவது யார், குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம், சாதனங்களைக் கையில் எடுத்துப் பழக விடுவார்களா. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோர் அதிகம் யோசிக்காத வழி ஒன்றும் உண்டு: சிறப்புக் கல்வி. ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த டிப்ளமோ முடித்து அங்கே பதிவு எண் பெற்றவருக்கு, பேச்சு தாமதமான, செவித்திறன் குறைந்த, ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளோடு வேலை செய்யும் மையங்களில் இடம் கிடைக்கும். பொறுமை நிறைய வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருந்தால் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

இனி "எதற்குப் படிப்பு" என்ற கேள்விக்கு வருவோம். ஏற்காட்டு எஸ்டேட் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி, மார்கழி மாதக் காலை. எடை பார்க்கும் நாள். குளிருக்காகப் போட்ட ஸ்வெட்டர், குல்லாவோடு குழந்தையைத் தராசில் ஏற்றிவிட்டால் சில நூறு கிராம் கூடிக் காட்டும். போன மாதம் கால் கிலோ இறங்கிய குழந்தை ஏறியதாகப் பதிவாகும். யாருக்கும் தெரியாமல் ஒரு மாதம் போய்விடும். படித்தவர் முதலில் முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார், கனத்த துணியைக் கழற்றுவார், எடை எடுத்ததும் உடனே போர்த்துவார். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேலே நிற்க வைத்து உயரம். இரண்டுக்கும் இடையே 0.7 செ.மீ. வித்தியாசம் வரும் என்பதால் முறையை மாற்றி எடுத்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீட்டருக்குக் கீழே வந்தால் கடுமையான ஊட்டக்குறைவு, உடனே மருத்துவரிடம். இதெல்லாம் பாட்டு பாடத் தெரிந்தால் வந்துவிடுகிற விஷயமா?

வகுப்புக்குள்ளும் அப்படித்தான். சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரண்டியால் மாற்றச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அருமையான பயிற்சி. பின்னாளில் பென்சில் பிடிக்கிற பலம் அங்கேதான் வருகிறது. அதே கிண்ணத்தை இரண்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்தால் மூக்கில் போட்டுக்கொள்ளும். அதற்குத் தண்ணீரும் இரண்டு டம்ளரும் போதும். எந்த வயதுக்கு எது, எதைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பதுதான் பாடம்.

மலையில் இன்னொரு சிக்கல். சேர்வராயன் மலைப் பழங்குடிப் பிள்ளை வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைச் சொல்லும். டீச்சர் "அப்படிச் சொல்லக்கூடாது" என்று திருத்துவார். பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். நியூசிலாந்தில் மவோரி மக்கள் இதற்கு 1982இல் ஒரு வழி கண்டார்கள். 'மொழிக்கூடு' என்று பொருள்படும் கோஹாங்கா ரேயோ மையங்களைத் தொடங்கி, தாத்தா பாட்டிகளே மழலைகளோடு தாய்மொழியில் புழங்கினார்கள். 1996இல் அந்த நாட்டின் மழலையர் பாடத்திட்டம் வந்தபோது அதற்குத் தே ஃபாரிக்கி, அதாவது 'நெய்த பாய்' என்று மவோரிப் பெயரே வைத்தார்கள். ஏற்காட்டில் வேலைக்குப் போகிற டீச்சர் இதைப் படித்திருந்தால், திருத்துவதற்கு முன் அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

வேலைக்குச் சேரும் இடத்தை எடைபோடவும் உலகக் கணக்கு உதவும். மூன்று வயதுக்குக் கீழே நார்வேயில் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மூன்று குழந்தை, பின்லாந்தில் நாலு. மூன்று வயதுக்கு மேல் நார்வேயில் ஆறு, பின்லாந்தில் ஏழு. நம் நாட்டின் 2013 தேசியக் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கை மூன்று வயதுக்குக் கீழே பத்து, மேலே இருபது என்கிறது. 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறையும் 30 சதுர மீட்டர் வெளியிடமும் கேட்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் மகள் தலைகளை எண்ணிப் பார்க்கட்டும். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளும் ஒரு டீச்சரும் என்றால், நல்ல டீச்சரும் ஆறே மாதத்தில் கத்துகிற டீச்சராகிவிடுவார். மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தப் பள்ளியிலும் கொடுத்து வைக்கக்கூடாது. நகலைக் கொடுத்து, அசலைக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வரவேண்டும்.

வெளிநாடு என்று ஆசை காட்டுகிறவர்களும் வருவார்கள். ஜெர்மனியில் மழலையர் காப்பகப் பணிக்கு ஆங்கிலம் போதாது. ஜெர்மன் மொழி பெரும்பாலும் பி2 நிலை வரை, அதாவது தடங்கலின்றிப் பேசும் அளவுக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவில் சான்றிதழ் நிலை 3, டிப்ளமோ, பட்டம் என்று படிகள் உண்டு. நம் ஊர்த் தகுதியை அங்குள்ள ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற அமைப்பு மதிப்பிட்டுச் சொல்லும். அங்கே எண்ணத்தக்கது முறையான பட்டமும் மேற்பார்வையோடு செய்த பயிற்சி நேரமும்தான். அதனால் இங்கே படிக்கும்போதே பயிற்சிப் பதிவேட்டைத் தேதி, மணி, பொறுப்பாசிரியர் கையெழுத்தோடு வைத்திருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து யாரும் திரும்ப எழுதித் தரமாட்டார்கள்.

கட்டணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் பக்கத்து அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ அனுமதி கேட்டு, மகளை இரண்டு வாரம் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை உட்கார வையுங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்து, தினமும் பத்து நிமிடம் அது செய்வதை மட்டும் நோட்டில் எழுதட்டும். குழந்தையின் பெயரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். "சேட்டை பண்ணினான்" என்று எழுதினால் போதாது. "டப்பா மூடியை நாலு தடவை திருப்பினான், இடப்பக்கம் திருப்பினால் திறக்கிறது என்று கண்டான்" என்று எழுத வேண்டும். பத்து நாள் நோட்டை நீங்களும் வாசித்துப் பாருங்கள். மூன்றாம் நாளே எழுத ஒன்றுமில்லை என்று சலித்துவிட்டால் வேறு படிப்பைப் பேசலாம். பக்கம் நிறைந்துகொண்டே போனால், உத்தமசோழபுரத்துக்கு விண்ணப்பமா, கோவைக்கு விண்ணப்பமா என்பது மட்டும்தான் பாக்கி.