கமலை மாட்டின் நடையும் ஆண்ட்ரோமீடாவும்

கேள்வி: பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத ‘இருள் பொருள்’ ஏராளம் என்கிறார்கள். ஒளியே வராத ஒன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கறுப்புத் தூசியா அது?
— பிளஸ் டூ மாணவி, பணகுடி

பதில்: நாங்குநேரிப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கமலைத் தோட்டம்; மாடு பூட்டி, வடம் கட்டிய கூனை என்ற பெரிய வாளியால் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதுதான் கமலை. விடியுமுன்னே இறைப்பு தொடங்கிவிடும். கிணற்றுக்குள் கும்மிருட்டு. வடத்தின் விறைப்பையும் சரிவில் இறங்கும் மாடுகளின் நடையையும் வைத்தே, “ஏல, அரைக் கூனைதான் வருது” என்பார். கூனை மேலே வந்தால் பாதிதான் இருக்கும்.

வானியலாளர்கள் பார்த்ததும் நடையைத்தான், தாயி. சூரியனை ஒட்டிச் சுற்றும் புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது. தொலைவிலிருக்கும் நெப்டியூனுக்கு 5 கிலோமீட்டர் சொச்சம்தான். எடை நடுவில் இருந்தால், தள்ளிப் போகப்போக வேகம் குறைய வேண்டும். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் சுற்றும் வாயு மேகங்களின் வேகத்தை வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்து 1970இல் வெளியிட்டார்கள். வெளி ஓரத்திலும் வேகம் அப்படிச் சரியவில்லை. அடுத்தடுத்து அளந்த மண்டலங்களிலும் இதே கதை. தெரிகிற நட்சத்திரங்களின் எடை அந்த ஓட்டத்தைப் பிடித்து வைக்கப் போதாது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத எடை ஏதோ இருக்க வேண்டும்; அதற்கு வைத்த பெயர்தான் இருள் பொருள். 1933இலேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி ஒரு மண்டலக் கூட்டத்தில் இதைக் கண்டு சொன்னார். பல வருஷம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூசி இல்லை. தூசி பின்னாலுள்ள நட்சத்திரத்தை மங்கச் செய்யும், சிவக்க வைக்கும். இது ஒளியை மறைப்பதுமில்லை, உமிழ்வதுமில்லை, கண்ணாடியைவிடத் தெளிவு. ‘இருள்’ என்ற பெயர்தான் உன்னைக் குழப்பிவிட்டது. அந்தப் பெயர்மேல் எனக்கும் வெகுநாள் வருத்தம். ஆனால் அதன் ஈர்ப்பு, கடந்துபோகும் ஒளியை வளைக்கிறது. அந்த வளைவை வைத்து அது எங்கே திரண்டிருக்கிறது என்று வரைபடமே போடுகிறார்கள்.

பிளாங்க் விண்கலத்தின் கணக்குப்படி அது பிரபஞ்சத்தில் சுமார் 27 சதவீதம். பொதிகை மலை, சூரியன், நீ, நான் எல்லாம் சேர்ந்த சாதாரணப் பொருள் 5 சதவீதம்தான். மிச்சம் இருள் ஆற்றல். அது வேறு சங்கதி. இந்தப் பொருளின் துகளைப் பிடிக்க இத்தாலியில் மலைக்கடியில் திரவ செனான் தொட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள். இன்னும் சிக்கவில்லை.

மார்கழியில் நிலவில்லாத, மேகம் விலகிய ராத்திரி ஏழரை மணிக்கு, காற்றாலை விளக்குகளுக்கு முதுகு காட்டி வடக்கே பார். பாதி வானத்துக்கு மேலே மங்கலாக ஒரு திட்டுத் தெரியும். அதுதான் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்து ஆண்ட்ரோமீடா.