1929 ஆஸ்டின் செவன் ஸ்வாலோ: கதவு தொங்குகிறது

கதவு 10 மி.மீ. இறங்கிவிட்டது, கீலை மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். கோளாறு கீலில் இல்லை, அது பிடித்திருக்கும் மரத்தில். ஆஸ்டின் செவன் காருக்கு ஸ்வாலோ கம்பெனி கட்டிய பாடி, ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியது. கீல் பொருந்தும் கதவுத் தூணின் அடியில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும், ஸ்க்ரூ பிடிக்காது. குத்தூசியால் குத்திப் பாருங்கள், சுலபமாக இறங்கினால் அதுதான்.

கதவு விளிம்பை மட்டும் இழைத்துவிடாதீர்கள்! பாடியைச் சேசிஸிலிருந்து (வண்டியின் அடிச்சட்டம்) கழற்றவும் வேண்டாம். செவனின் சேசிஸ் முறுகும், போல்ட்டைத் தளர்த்தினாலே இடைவெளி மாறும். கதவு வாயில் குறுக்குச் சட்டம் அடித்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொண்டு, உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டுங்கள். புது ஆஷ் துண்டை 1:8 சரிவில் (தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளம்) சீவி எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டலாம். தகட்டு மடிப்பைப் பிரிக்குமுன், அலுமினியம் இளக, சோப்பு தடவிச் சூடாக்குங்கள். சோப்பு கறுத்ததும் நிறுத்துங்கள். சூடாக்காமல் பிரித்தால் மடிப்பு வெடிக்கும். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தை அரிக்கும், இடையில் பூச்சு அவசியம்.

இது இங்கிலாந்தின் பிளாக்பூல் ஊர்த் தயாரிப்பா என்ற கேள்விக்கு: 1922-ல் ஸ்வாலோவின் நிறுவனர்கள் லயன்ஸும் வாம்ஸ்லியும் அங்கே சைடுகார் செய்யத் தொடங்கினார்கள், 1927-ல் செவனுக்குப் பாடி கட்டினார்கள். 1928 கடைசியில் கவென்ட்ரிக்கு மாறிவிட்டதால் உங்களுடையது கவென்ட்ரி வண்டி. பின்னாளில் ஜாகுவார் ஆனதும் இதே கம்பெனிதான்.