வோக்கர் வாங்கலாமா? தவழப்போகும் பிள்ளையும் கிணத்தடியும்

கேள்வி: எனக்கு எட்டு மாத மகனும் நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். அடுத்த தவணையில் நான் திரும்பப் படிப்பிக்கப் போகவேண்டும். பிள்ளைகளை மாமிதான் பார்ப்பா. மகன் இப்போதுதான் வயிற்றால் அரக்கத் தொடங்கியிருக்கிறான். கட்டாரில் இருக்கும் என் கணவர் வோக்கர் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறார். "அதுக்குள்ள விட்டா ஒரு இடத்தில கிடப்பான், கெதியா நடப்பான்" என்கிறா மாமி. வாங்கலாமா? எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மாமி சொன்ன இரண்டுமே நடக்காது. வோக்கரில் பிள்ளை ஒரு இடத்தில் கிடக்காது. ஒரு விநாடியில் ஒரு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். நீங்கள் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் வாசல்படியால் கவிழ்ந்திருக்கும். நடையும் கெதியாக வராது. நுனிக்காலால் உந்திப் பழகும் பிள்ளைக்கு, குந்தி, பிடித்து எழும்பி, தடுமாறி நிற்கும் பயிற்சி கிடைப்பதில்லை. போதாததற்கு, தரையில் இருந்தால் எட்டாத மேசைவிரிப்பும் தேத்தண்ணிக் கோப்பையும் வோக்கரில் நின்றால் எட்டும். கனடாவில் 2004இலிருந்து இதை விற்கவே தடை. நம் கடைகளில் பாட்டுப் பெட்டியும் லைற்றும் பூட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பல வருடங்களாகச் சிறுவர் விடுதியில் தாதியாக வேலை செய்தவள் நான். காயப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மார் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "இண்டைக்கு வரைக்கும் இவன் அப்பிடிச் செய்ததே இல்ல மிசி." அது பொய்யில்லை. நேற்றுவரை கட்டில் நடுவில் கிடத்தினால் அங்கேயே கிடந்தவன் இன்றைக்குப் புரண்டுவிட்டான். பிள்ளை ஒன்றை முதன்முதலாகச் செய்கிற நாள்தான் பல வீடுகளில் காயப்படுகிற நாளும். இப்போது என்ன செய்கிறான் என்று பார்த்து வீட்டை ஒழுங்குபடுத்தினால் நாம் எப்போதும் ஒரு மாதம் பிந்தித்தான் நிற்போம். கிளினிக் கொப்பியில் எந்த மாதத்தில் என்ன செய்வான் என்று போட்டிருக்கிறது. நிறை பார்த்த கையோடு மூடி வைக்காமல் அடுத்த பக்கத்தையும் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு அடுத்து வருவது மூன்று. தவழ்வான். ஒன்பது பத்து மாதத்தில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சின்னச் சாமான்களைப் பொறுக்குவான். ஒளித்த சாமான் காணாமற்போகவில்லை, அங்கேதான் இருக்கிறது என்று விளங்கிக்கொள்வான். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சேலைத் தலைப்புக்குள் கரண்டியை மறைத்துப் பாருங்கள். ஐந்து மாதத்தில் மறந்துவிட்டவன் இப்போது தலைப்பை இழுத்துத் தேடுவான். அருமையான விளையாட்டு, நாளைக்குப் பத்துத் தடவை விளையாடலாம். ஆனால் இதே காரணத்தால், மருந்துப் போத்தலைத் தலையணைக்குக் கீழே வைப்பது இனி ஒளிப்பு ஆகாது. பூட்டு வேண்டும், அல்லது உங்கள் தலைக்கு மேலான உயரம் வேண்டும்.

விரலால் பொறுக்கியது நேரே வாய்க்குள் போகும். அதுதான் அவன் படிக்கிற முறை, அடிக்கக் கூடாது. மாமாங்கத் திருவிழாவில் வாங்கிய கச்சான் பாய் இடுக்கில் கிடந்தால் ஆபத்து. ஐந்து வயது வரை முழுக் கச்சான் வேண்டவே வேண்டாம். ரம்புட்டான் கொட்டையும் அப்படித்தான். மூச்சடைத்து, சத்தமும் வராமல் நின்றால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்து. இதையே மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலைவிட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளுப்படும். மாமிக்கு இதை ஒரு பொம்மையில் செய்து காட்டிவிட்டு வேலைக்குப் போங்கள்.

வெளிச்சம் வரும் விளையாட்டுச் சாமான்களிலும் ரிமோட்டிலும் இருக்கும் தட்டைப் பட்டன் பற்றரி வேறு சாதி. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டு ஓட்டையாக்கத் தொடங்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

நெருப்பும் எண்ணெயும் எங்கள் வீடுகளில் பழைய பிரச்சினை. ஆற்றி வைத்த தேத்தண்ணி கால் மணித்தியாலம் கழித்தும் குழந்தைத் தோலைச் சுடும். சுட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, முட்டை வெள்ளை, ஐஸ் எதுவும் பூச வேண்டாம். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைத்தால் பிள்ளைக்கு அது சோடாதான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தேங்காய்ப்பாலும் கொடுக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பெரிய கேடு. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள், மூச்சுக் கஷ்டம் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம்.

இனிக் கிணத்தடி. கரையோர மணல் நிலத்தில் தண்ணீர் கிட்டத்தில்தான், வளவுக்கு ஒரு கிணறு. கிணற்றுக்கு முன் வாளியைச் சொல்ல வேண்டும். இந்த வயதில் தலை பாரம், கை பலம் குறைவு. வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் திரும்பி எழும்ப மாட்டான், சத்தமும் போட மாட்டான். சாண் தண்ணீரே அதிகம். குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றரை வயதில் ஏறுவான். கதிரையை இழுத்துப் போட்டு ஏறும் காலமும் வரும். அப்போது கிணத்துக்கட்டு அவனுக்குப் படிதான். வோக்கர் காசுக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதுதான்: இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்து, கொளுக்கி போட்ட மூடி. களுவாஞ்சிகுடியில் ஒட்டுவேலை செய்பவர் ஒருவரிடம் சொன்னால் முடியும்.

மகள் விஷயம் வேறு மாதிரி. நான்கு வயதில் விளையாட்டு என்றால் சேர்ந்து விளையாடுவதும் நடிப்பதும். இரண்டு வயதில் பக்கத்தில் இருந்தும் தனியாக விளையாடியவள் இப்போது சோறு கறி ஆக்கி எல்லோருக்கும் பரிமாறுவாள். முதல் விருந்தாளி யார்? தம்பிதான். வளவில் மஞ்சள் அலரி நின்றால் அதன் விதை சிரட்டைக்குள் கறியாகக் கிடக்கும். அது இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. மரத்தை வெட்டுங்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். தம்பிக்கு "பொய்க்குத்தான் தீத்த வேணும்" என்று அவளிடம் சொல்லலாம், ஆனால் அந்தச் சொல்லை நம்பி இருவரையும் தனியே விடக் கூடாது. நான்கு வயதுக்கு விதி ஞாபகம் இருக்கும், விளையாட்டுச் சூட்டில் நிற்காது. அவளைச் சைக்கிளில் பின்னால் ஏற்றினால் சில்லுக்கு மறைப்பு அடியுங்கள். கம்பிக்குள் குதிக்கால் போய்த் தோல் உரிந்து வந்த பிள்ளைகளை எண்ணி முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. சாமான் மறைந்தாலும் இருக்கிறது என்று விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, அம்மா எங்கேயோ இருக்கிறா, ஆனால் என்னிடம் இல்லை என்பதும் விளங்கும். எட்டு ஒன்பது மாதத்தில் நீங்கள் வெளிக்கிடும்போது கத்துவான். அழுவான் என்று பின்வாசலால் ஒளித்துப் போகாதீர்கள். போனால் நாள் முழுக்க உங்களைத் தேடிக்கொண்டிருப்பான். இப்போதே மாமியிடம் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று விட்டுப் பழக்குங்கள். போகும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் இரண்டு கிழமை படலை வரைக்கும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.